அகரத்து எலிகளுக்கு முப்பத்தெட்டு

எலி பார்க்கத்தான் திண்டுக்கல்லுக்குப் போகிறேன் என்று சொன்னபோது கண்டியில் ஒருவரும் நம்பவில்லை. "பழனிக்கு நேர்த்திக்கடன் எண்டு சொல்லுங்கோவன், அதில என்ன வெக்கம்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மதுரை விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரியும் நம்பவில்லை. "ஏம்மா, உங்க ஊர்ல எலி இல்லையா?" என்று கேட்டார். "இருக்கு. எங்கட எலிக்கு நாற்பது, உங்கட எலிக்கு முப்பத்தெட்டு" என்றேன். மனிதர் அவசரமாக முத்திரையைக் குத்தி என்னை அனுப்பிவிட்டார்.

அவரிடம் விளக்க நேரமில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குரோமோசோம்கள் இருக்கின்றன. அப்பன் பாட்டனிடமிருந்து வருவதெல்லாம் அவற்றின் வழியாகத்தான் வருகிறது. மனிதருக்கு நாற்பத்தாறு. கூரையில் ஓடும் கறுப்பெலிக்குக் கிழக்காசியாவில் நாற்பத்திரண்டு, எங்கள் மலைநாட்டில் நாற்பது, தென்னிந்தியாவில் முப்பத்தெட்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்றும் கூடப் பிறந்தவை போலத்தான் இருக்கும். எண்ணிக்கை மட்டும் வழியில் எங்கோ மாறியிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டே, எப்படி மாறியது என்று பார்த்துப் பார்த்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. தென்னாட்டு எலியைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு தடவையாவது என் கையால் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான்.

அழைத்துப் போக வந்திருந்தவர் ஸ்டெல்லா. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. பல வருடங்களாக மின்னஞ்சலில் மட்டும் பழக்கம். எழுத்தில் அடக்கமாக இருந்தவர் நேரில் குள்ளமாகவும் சத்தமாகவும் இருந்தார். "எலி எங்கயும் ஓடிறாது டீச்சர், மொதல்ல சாப்பிடுவோம்" என்று நேரே ஒரு பிரியாணிக் கடைக்குக் கொண்டுபோனார்.

இலையில் விழுந்ததைப் பார்த்து எனக்குக் குழப்பம். எங்கள் ஊரில் புரியாணி என்றால் நீள நீளமான அரிசி, அவித்த முட்டை, மேலே முந்திரி. இங்கே அரிசி சீரகம் அளவுக்குத்தான் இருக்கிறது. மிளகின் காரம் மெல்ல வந்தது, வந்த பிறகு போகவில்லை. காது சுட்டது. பக்கத்து மேசைக்காரர் என் கண்ணீரைப் பார்த்து, "தயிர்ப் பச்சடிய ஊத்துங்கம்மா, மூச்சு விடாதீங்க" என்று யோசனை சொன்னார். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு திண்டுக்கல் எனக்குக் கனவு போலாகிவிட்டது. ஸ்டெல்லாவின் வீட்டு மாடியில் மின்விசிறிக்குக் கீழே படுத்தபடி ஜன்னலில் மலைக்கோட்டைப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கண்ணை மூடித் திறக்கும்போதெல்லாம் பாறை ஒவ்வொரு நிறத்தில் இருந்தது. மாலையில் மொட்டைமாடிக்கு ஏறினால் நாலு பக்கமும் தடுக்க ஒன்றுமில்லை. மலைக்காரிக்குச் சமவெளியைப் பார்த்தால் லேசாகத் தலை சுற்றும். தூரத்தில் சிறுமலை மட்டும் நீலமாக நின்றது, அதைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள், எலி பிடிக்க அகரம் என்ற ஊருக்கு. ஸ்டெல்லாவின் பழைய மாணவன் பாண்டி தன் சின்ன வேனில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டான். விலங்கியலில் பட்டம் வாங்கி, அதை அலமாரியில் வைத்துவிட்டு, அப்பாவின் தோட்டத்துக்கே திரும்பியவன். தாடிக்கொம்புக் கோபுரம் ஒரு பக்கம் வந்து போனது. ஐப்பசி மழைக்கு முந்திய காற்று, முருங்கைத் தோப்புகள், பூப்பறிக்கும் பெண்களின் தலைத்துண்டுகள். வேன் குலுங்கக் குலுங்க எனக்கு மறுபடியும் உறக்கம் வந்தது.

விழித்தபோது கண் முன்னே நெருப்பு. கம்பிப் பந்தலில் கொடி ஏறி, அதில் சிவப்பும் மஞ்சளுமாக ஆயிரக்கணக்கான பூக்கள் இதழ்களை மேலே திருப்பிக்கொண்டு நின்றன. எங்கள் ஊரில் இதற்குக் கார்த்திகைப்பூ என்று பெயர். அங்கே போர்க்காலத்திலிருந்து அந்தப் பூவுக்கு வேறொரு கனம் உண்டு. அதை நான் இங்கே யாரிடமும் விளக்கப் போகவில்லை. இவர்கள் கண்வலிக் கிழங்கு என்கிறார்கள், மருந்துக்காக விதையைப் பயிரிடுகிறார்கள்.

"எந்த மருந்துக்கு?" என்று கேட்டேன்.

"கோல்ச்சிசின் மேடம். மூட்டு வலிக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எலியின் செல் இரண்டாகப் பிரியும் சமயத்தில் அதைப் பாதியில் நிறுத்தி வைத்தால்தான் குரோமோசோம்களை எண்ண முடியும். நிறுத்தி வைப்பது இந்தக் கோல்ச்சிசின்தான். என் வாழ்நாள் முழுக்க அது புட்டியில் வரும் வெள்ளைத்தூள். இப்படிக் கொழுந்துவிட்டு எரிகிற ஒன்றிலிருந்து வருகிறது என்று புத்தகத்தில் படித்ததோடு சரி. அந்தப் பந்தலுக்குக் கீழே வெகுநேரம் சும்மா நின்றேன்.

பாண்டி வேலையைக் காட்டினான். வண்டை நம்பினால் காய் பிடிக்காதாம். காலையில் ஒவ்வொரு பூவாகப் போய்க் கையாலேயே மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டு வைக்க வேண்டும். "கோமதி கை வச்சா ஒண்ணு தப்பாது. நான் வச்சா பாதி பூ கோவிச்சுக்கும்" என்றான்.

கோமதி அவன் மனைவி. தோட்டத்தில் அவளைக் காணவில்லை. வீட்டுக்குள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, யாருடைய கலியாண ரவிக்கைக்கோ மணி கோத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வயிறு லேசாக மேடிட்டிருந்தது. எழுந்திருக்கப் போனவளைப் பாண்டியின் அம்மா வீராயி அதட்டி உட்கார வைத்தார்.

"இவள நான் அந்தத் தோட்டத்துப் பக்கமே விடுறதில்ல தாயி" என்றார் என்னிடம். "நஞ்சுச் செடி. அதத் தொட்டுத் தொட்டுத்தான் மூணும் கரைஞ்சுபோச்சு."

"ஒங்க மகனும் தொடத்தான செய்றாரு அத்தை" என்றாள் கோமதி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவன் ஆம்பள."

சாப்பாட்டில் அந்தப் பேச்சு மறைந்துபோனது. கம்பஞ்சோறு, கருவாட்டுக் குழம்பு, அவரைக்காய். வீராயி அம்மாள் "வெஞ்சனம் வச்சுக்க தாயி, வெஞ்சனம் வச்சுக்க" என்று இலையை நிரப்பிக்கொண்டே இருந்தார். சோற்றோடு தொட்டுக்கொள்வதை நாங்கள் கறி என்போம், இவர்கள் வெஞ்சனம் என்கிறார்கள். சிலோன்காரி சிலோன்காரி என்று என்னைப் பார்க்க மூன்று வீட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். என் பேச்சைக் கேட்பதற்காகவே ஒருத்தி மணி என்ன என்று இரண்டு தடவை கேட்டாள்.

பொறி வைக்கும்போது ஸ்டெல்லா மெதுவாக மீதியைச் சொன்னார். கோமதிக்கு மூன்று முறை கலைந்திருக்கிறது. மூன்றாவதுக்குப் பிறகு மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் கணவன் மனைவி இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இருவருக்குமே நாற்பத்தாறுக்குப் பதில் நாற்பத்தைந்து. இது நாலாவது. பனிக்குட நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். அதனால்தான் வீட்டில் எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து நடக்கிறார்கள்.

"ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டேன்.

"கோமதியோட அப்பாவும் வீராயம்மாவும் கூடப் பொறந்தவங்க. அத்தை மகன், மாமன் மகள்."

கையிலிருந்த பொறி தானாகவே மூடிக்கொண்டது. விரல் தப்பியது. நான் நினைத்ததைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பொறியைத் திறந்து மறுபடியும் இரையை வைத்தேன். எங்கள் ஊரில் தேங்காய்ச் சொட்டு என்று சொல்லும் சில்லைச் சுட்டு வைப்போம். பாண்டி மசால் வடையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். திண்டுக்கல் எலிக்கு அது இல்லாமல் முடியாதாம். வைத்தது போக மிச்சத்தை நாங்கள் மூவரும் வரப்பில் உட்கார்ந்து தின்றோம்.

வடை வென்றது. இரவு பாண்டி வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் போய்ப் பார்த்தால் பெட்டிகளில் கறுப்பெலிகள் நாலு, ஒரு வெள்ளெலி, ஒரு வயல் சுண்டெலி. சுண்டெலி கட்டைவிரல் அளவுதான், அதற்கு நாற்பது. இதே சுண்டெலியின் சொந்தக்காரன் ஒருவன் பாறைச் சரிவுகளில் முள்மயிரோடு அலைகிறான், அவனுக்கு இருபத்தாறு. வெள்ளெலிக்கோ அறுபத்தெட்டு. கூடினால் பெரிய சாதி, குறைந்தால் சின்ன சாதி என்று இதில் ஒன்றும் கிடையாது. இதை நான் வருடா வருடம் முதல் வகுப்பில் சொல்வேன், பிள்ளைகள் குறித்துக்கொண்டு மறந்துவிடுவார்கள்.

திரும்பும் வழியில் தாடிக்கொம்புக்குச் சற்று முன்னால் பாண்டியின் வேனில் ஏதோ அறுந்தது. பாண்டி மெக்கானிக்கைத் தேடிப் போக, ஸ்டெல்லாவும் நானும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நகரப் பேருந்தில் ஏறினோம். நடத்துனர் பெட்டியின் மேல் துணியைத் தூக்கிப் பார்த்தார். "இது லக்கேஜா, பாசஞ்சரா?" என்றார். எங்கள் ஊரில் என்றால் இறக்கிவிட்டிருப்பார்கள். இவர் தனது இருக்கைக்குக் கீழேயே இடம் கொடுத்தார்.

முன் இருக்கையில் சுங்குடிச் சேலை கட்டிய இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டே வந்தார்கள். ஸ்டெல்லா என் காதில் தமிழாக்கினார்: "உள்ள இருக்கிறது அணிலாத்தான் இருக்கும்ங்குறா ஒருத்தி. இல்ல, இந்தம்மா முகத்தப் பாத்தா எலி பிடிக்கிறவ மாதிரித்தான் இருக்குங்குறா இன்னொருத்தி." அவர்கள் பந்தயம் முடிவதற்குள் எலியே வெளியே வந்து பதில் சொல்லிவிட்டது. ஒரு பெட்டியின் கொக்கி நழுவியிருந்தது. பேருந்து முழுக்கக் கால்கள் மேலே போயின. எலி பூக்கூடைக்காரியின் மடியில் ஏறி, ஜன்னல் கம்பியில் ஒரு கணம் நின்று, அடுத்த நிறுத்தத்தில் முறையாக இறங்கிக்கொண்டது. "டிக்கெட் எடுக்காமப் போகுது பாரு" என்றார் நடத்துனர்.

அந்த எலி பிழைத்தது, மற்றவை பிழைக்கவில்லை. இத்தனை வருடம் செய்தும் இந்த வேலையின் அந்தப் பகுதி எனக்குப் பழகவில்லை. எலும்பு மஜ்ஜையை எடுத்து, உப்புநீரில் ஊறவைத்து, கண்ணாடிச் சில்லில் சொட்டுச் சொட்டாக விட்டுச் சாயம் ஏற்றினோம். பிறகு நான் மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன்.

அதற்குள் போய்விட்டால் எனக்கு நேரம் தெரியாது. ஊதாப் புள்ளிகள் மிதந்து வரும், போகும். வெளியே கல்லூரி மணி, வேப்பமரத்துக் குருவிகள், மழை விழும் சத்தம், எல்லாம் தூரத்தில் எங்கோ நடக்கும். திடீரென்று ஒரு செல் பூரணமாக விரிந்து நிற்கும், வெயிலில் பிழிந்து வைத்த வடகம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாமல். எண்ணினேன். முப்பத்தெட்டு. அதில் நாலு மட்டும் பெரிதாக, பெருக்கல் குறி போல. என் ஊர் எலியில் அப்படி இரண்டுதான் இருக்கும், கிழக்காசிய எலியில் அந்த நாலுமே இருக்காது. ஏற்கெனவே தெரிந்த எண்தான், இருந்தாலும் கண் கலங்கியது. ஸ்டெல்லா அதைப் பார்த்துவிட்டுத் தேநீர் வாங்கப் போய்விட்டார். சில்லுகளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதியில்லை, படம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பாண்டியிடமிருந்து ஸ்டெல்லாவுக்கு அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்களாம். நாற்பத்தி நாலு, திங்கட்கிழமை வந்து டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்களாம். பின்னணியில் வீராயி அம்மாளின் குரல் கேட்டது.

"இங்க காலேஜுக்கு எல்லாரையும் கூட்டிட்டு வாடா" என்றார் ஸ்டெல்லா. பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கதான் சொல்லணும் டீச்சர்" என்றார்.

"நான் டொக்டர் இல்லை ஸ்டெல்லா. எலிக்காரி."

"இந்தக் கணக்கு எனக்குப் பாடமாத்தான் தெரியும். நீங்க ஆயுசு பூரா இதத்தான பாத்திருக்கீங்க."

அவர்கள் வந்து சேரும்வரை நான் ஆய்வுக்கூடத்துக்கும் வராந்தாவுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். என்ன நடந்திருக்கும் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகமில்லை. ஆனால் எலியில் தப்பாக எண்ணினால் ஒரு கட்டுரையைத் திருத்தலாம். இங்கே தப்பானால் என்ன செய்வது?

வீராயி அம்மாள் வந்ததும் உட்காரவில்லை. "ஆத்தாளுக்கு ஒண்ணு கொறைச்சல், அப்பனுக்கு ஒண்ணு கொறைச்சல், பிள்ளைக்கு ரெண்டு. கணக்குச் சரியாத்தான வருது" என்றார். "ரெண்டு கொறையோட பொறந்து அது என்னத்தப் பாக்கும்? நாளு தள்ளத் தள்ள இவ உசுருக்கு ஆபத்து. திங்கக்கெழம போயிக் கலைச்சுட்டு வந்துருவோம். எங்க வம்சத்துல இப்பிடி ஒண்ணு இருந்ததில்ல, இது எங்கருந்துதான் வந்துச்சோ." சொல்லிக்கொண்டே மருமகளின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். கோமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை.

"பிள்ளை, இஞ்ச வாங்கோ" என்று கூப்பிட்டு அவளை மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார வைத்தேன். "இது உங்கட தோட்டத்து எலி. எண்ணிப் பாருங்கோ."

மணி கோக்கிற கண். தடுமாறாமல் எண்ணினாள். "முப்பத்தெட்டு."

கைப்பேசியில் என் ஊர் எலியின் படத்தைக் காட்டினேன், நாற்பது. பிறகு கிழக்காசிய எலி, நாற்பத்திரண்டு. "இதில எது குறை எலி?"

அவள் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுல இருக்குற நாலு பெருசும் கடைசிப் படத்துல இல்ல. அதுல எல்லாம் சின்னச் சின்னதா இருக்கு."

"அதுதான். சின்னது ரெண்டு ஒட்டிக்கொண்டு ஒரு பெரிசாகிவிட்டுது. ஒண்டும் தொலையேல்லை."

"ரெண்டு பூச்சரத்த முடிஞ்சு ஒண்ணாக்குற மாதிரியா?"

இவ்வளவு வருடம் நான் வகுப்பில் குச்சியையும் சாக்கட்டியையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியிருக்கிறேன். "அதேதான். சரம் ஒண்டு குறையும், பூ குறையாது" என்றேன்.

பிறகு கதையாகவே சொன்னேன். ஏதோ ஒரு காலத்தில் நாற்பத்திரண்டு கொண்ட எலிக்கூட்டத்தில் ஒன்றுக்கு இரண்டு சரங்கள் ஒட்டிக்கொண்டன. அதற்கு நாற்பத்தொன்று. உடம்பில் ஒரு குறையும் இல்லை, ஓடும், கடிக்கும், வடை தின்னும். குட்டி போடும்போதுதான் சிக்கல். ஒரு நீளச் சரமும் இரண்டு குட்டைச் சரமும் பங்கு பிரிய வேண்டும். சில நேரம் பங்கு சரியாக விழும், சில நேரம் ஒரு பக்கம் கூடிவிடும், ஒரு பக்கம் குறைந்துவிடும். அப்படிப்பட்ட கரு தங்காது. அந்த எலியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரே களஞ்சியத்தில் அடைந்து கிடந்து, சொந்தத்துக்குள்ளேயே ஜோடி சேர்ந்தபோது, இரண்டு பக்கமும் நீளச் சரம் கிடைத்த ஒரு குட்டி பிறந்தது. அதற்கு நாற்பது. அதற்குப் பங்கில் சிக்கலே இல்லை, இரண்டும் நீளம், ஆளுக்கொன்று. எங்கள் மலைநாட்டு எலிகள் அப்படி வந்தவைதான். இன்னொரு முறை இன்னொரு ஜோடி ஒட்டியது, முப்பத்தெட்டு ஆனது.

"அத்தை மகனும் மாமன் மகளும் கட்டிக்கிட்டா வருமே, அது மாதிரி" என்றான் பாண்டி. பட்டம் அலமாரியிலிருந்து இறங்கிவிட்டது.

"ஓம். உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே சரம் ஒட்டியிருக்கெண்டால், அது ஒரே இடத்திலிருந்துதான் வந்திருக்கும். உங்கட அம்மாவின்ர தாய் தகப்பனில் ஒருவரிட்டயிருந்து. அங்கயிருந்து அம்மாவுக்கும், கோமதியின்ர அப்பாவுக்கும்."

வீராயி அம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

"அப்ப இதுக்கு நாப்பத்தி நாலுன்னா?" என்று கோமதி வயிற்றில் கை வைத்தாள்.

"ரெண்டு பக்கமும் நீளச் சரம் கிடைச்சிருக்கும் எண்டுதான் நான் நினைக்கிறன். மெய்யாவே ரெண்டு தொலைஞ்சிருந்தால் இவ்வளவு மாதம் தங்கியிராது. மனுசரிலயும் அப்பிடிச் சிலர் இருக்கினம், அபூர்வம்தான், நல்லா இருக்கினம். ஆனால் படத்தைப் பார்த்த டொக்டர் சொல்ல வேணும். அதுவரைக்கும் ஒண்டையும் முடிவெடுக்காதைங்கோ. எனக்கு அதுக்கு ஒரு சத்தியம் பண்ணித் தாங்கோ."

"நான் பண்ணித் தாரேன்" என்றாள் கோமதி, அத்தையைப் பார்க்காமல்.

ஞாயிறு முழுக்க மழை. ஸ்டெல்லா கோயிலுக்குப் போய் வந்து, கோமதிக்காக மெழுகுவத்தி ஏற்றியதாகச் சொன்னார். நான் ஜன்னலில் உட்கார்ந்து பாறை நனைவதைப் பார்த்தேன். சொன்னது சரியா, அதிகமாகச் சொல்லிவிட்டேனா என்று உள்ளுக்குள் அதே கேள்வி சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா கறிதோசை சுட்டுத் தந்தார். ருசி தெரியவில்லை.

எனக்குத் திங்கட்கிழமைதான் மதுரையில் விமானம். ஸ்டெல்லாவுக்குக் கல்லூரி இருந்தது, மற்ற எல்லோரும் பாண்டியின் வேனிலேயே போனோம். வழக்கமாக வண்டி நகர்ந்ததும் உறங்கிவிடும் எனக்கு அன்று கண் மூடவில்லை.

டாக்டர் இளம் பெண். கோமதியையும் பாண்டியையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். நானும் வீராயி அம்மாளும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அவர் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார், எனக்கு விரல் வலித்தது, விடச் சொல்லவில்லை. கதவு திறந்தது. பாண்டியின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"ஒட்டித்தான் இருக்காம் மேடம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. எதுவும் கொறையலையாம். ஸ்கேன்லயும் பிள்ள நல்லா இருக்காம்." ஆணா பெண்ணா என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள், இந்த நாட்டுச் சட்டம் அப்படி. இவர்களும் கேட்கவில்லை.

பாண்டி மருந்து வாங்கப் போனான். நாங்கள் மூவரும் ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒரு மேசையைப் பிடித்து உட்கார்ந்தோம். சுற்றிலும் இரைச்சல். கோமதி இரண்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு மூன்றாவதைத் தட்டிலேயே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், எனக்கு வந்தது இதுக்கு வராதுல்ல? இது வளந்து பிள்ள பெறயில?"

"இந்த வழியால வராது. அதுக்கு ரெண்டும் நீளம். பங்கு சரியாத்தான் பிரியும்."

"அதுக்குப் பொறக்குற பிள்ளைக்கு?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். "வெளியில கட்டினால் நாற்பத்தைந்து" என்றேன்.

"என்னைய மாதிரி."

"ஓம்."

அவள் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "அப்ப யாராச்சும் அதுகிட்ட முன்னாடியே சொல்லி வைக்கணும் டீச்சர். கரைஞ்சா, அது ஒண்ணும் பண்ணலன்னு. தண்ணிக்குடம் தூக்குனதாலயும் இல்ல, ராசியாலயும் இல்லன்னு. நான் அதுவரைக்கும் இருப்பனோ என்னவோ."

வீராயி அம்மாள் டீக் கிளாசை மேசையில் வைத்தார்.

"எனக்கும் ரெண்டு போச்சு" என்றார். "பாண்டிக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. கூடப் பொறந்தவன், ஒங்கப்பனுக்குக்கூடத் தெரியாது."

கோமதி திரும்பினாள். "ஏன் அத்தை எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்னையச் சொல்லுவாகளே."

"என்னையச் சொன்னாக."

"யாரு சொன்னா? நான்தான சொன்னேன்." அந்த நெரிசலில், பக்கத்து மேசைக்காரர்கள் பார்க்கப் பார்க்க, வீராயி அம்மாள் மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தப்புத்தான் ஆத்தா."

கோமதி கையை இழுத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு நாளும் அழாதவள் அப்போதுதான் அழுதாள். பாண்டி மருந்துப் பையோடு வந்து நின்று, "மேடம், பிளேனுக்கு நேரமாச்சு" என்றான்.

"செத்த நேரம் இருங்க" என்றாள் கோமதி.

நாங்கள் எல்லோரும் இருந்தோம்.